ஒரே அணை, இரண்டு வாட்ஸ்அப் குழுக்கள்

கேள்வி: நான் கேரளத்து வண்டிப்பெரியாற்றில் ஓர் அக்ஷயா மையத்தில், அதாவது அரசின் இணையச் சேவை மையத்தில், வேலை பார்க்கிறேன். அப்பா தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். பிறந்த வீட்டார் இன்னும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில்தான் இருக்கிறார்கள். புகுந்த வீடு தமிழகப் பக்கத்துக் கம்பம். மழை தொடங்கியதும் லயத்துக் குழுவில் முல்லைப் பெரியாறு அணை உடையப் போகிறது என்ற மலையாள வீடியோக்கள் குவிகின்றன. அதே நாளில் கம்பத்துக் குழுவில், அணைக்கு ஒன்றுமே இல்லை, எல்லாம் மலையாளிகளின் நாடகம் என்று தமிழ் வீடியோக்கள் வருகின்றன. சென்ற மழையில், இரண்டு பக்கமும் சுற்றிய ஒரு வீடியோ வேறோர் அணையின் பழைய காட்சி என்று கண்டுபிடித்து இரண்டு குழுக்களிலும் எழுதினேன். நாத்தனாரின் கணவர், "நீ கேரளாக்காரியாகவே ஆகிவிட்டாய்" என்றார். லயத்துக் குழுவில் ஒருவர், "பாண்டியில் (தமிழ்நாட்டில்) வாழ்க்கைப்பட்டவள் அப்படித்தான் பேசுவாள்" என்றார். அப்பாவுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது; பேரன் வாசித்துச் சொல்வதைக் கேட்டுவிட்டு மழை இரவுகளில் போனைக் கையில் வைத்துக்கொண்டு விழித்திருக்கிறார். பல வருடமாக வாங்கிய தமிழ்ப் பத்திரிகையையும், "நேற்றைய சேதி எதற்கு?" என்று நிறுத்திவிட்டார். நான் எதை நம்புவது? இரண்டு குழுக்களையும் விட்டு விலகிவிடலாமா? லயத்துக் குழுவின் அட்மின் என் அண்ணன். யாரோ போடும் பொய்க்கு அவர் மேல் கேஸ் வருமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விலகாதீர்கள். காரணங்களைப் பின்னால் சொல்கிறேன் என்றாலும், உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தபின் எனக்கு உறுதியாகத் தோன்றியது இதுதான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு குழுக்களிலும் சேர்த்து நூற்றுக்கணக்கானவர்கள் இருக்கலாம். அவர்களுள் இரண்டு எழுத்துகளையும் வாசிக்கத் தெரிந்து, இரண்டு பக்கத்திலும் உறவு வைத்திருந்து, அதிகாரபூர்வத் தகவல் எந்தத் துறையிலிருந்து வரும் என்பதையும் தொழில் காரணமாக அறிந்தவர் அநேகமாக நீங்கள் ஒருவர்தான்.

நான் முப்பது ஆண்டுகள் நாளிதழின் செய்தி மேசையில் இருந்தவன். 2011 டிசம்பரில், அணைப் பிரச்சினை கொதித்து, குமுளிப் பாதை அடைபட்டு, கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஆயிரக்கணக்கானோர் லோயர் கேம்ப் நோக்கி நடந்த அந்த நாட்களில், தேனி மாவட்டச் செய்திகள் என் மேசைக்குத்தான் வந்தன. ஓர் இரவு, ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போன பெண்களை மலைக்கு மேல் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று அடுத்தடுத்து நான்கு பேர் தொலைபேசியில் சொன்னார்கள். நான்கு பேரும் பதறினார்கள். நான்கு பேரும் நல்லவர்கள். ஆனால் நான்கு பேருமே அதை வேறொருவர் சொல்லக் கேட்டவர்கள். பக்கத்தை முடித்து அனுப்ப ஒன்றரை மணி நேரம் இருந்தது. நிருபர் தோட்டத்துக் கணக்குப்பிள்ளையைப் பிடித்தார். அவர் வழியாக அந்தப் பெண்களுள் ஒருவரிடமே பேசினார். ஜீப் ஓட்டுநர் இருட்டில் இறங்கப் பயந்ததால், ஒரு மலையாளிக் குடும்பத்தின் வீட்டில் அவர்கள் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்திருந்தார்கள். மறுநாள் அது ஒற்றைப் பத்திச் செய்தியாக வந்தது.

இதைச் சொல்வது, பழைய பத்திரிகைகள் புனிதமானவை என்று காட்ட அல்ல. அதே வாரத்தில் வேறொரு செய்திக்கு நான் போட்ட தலைப்பு தேவைக்கு மேல் சூடாக இருந்தது; அதை எழுதிய கையை இன்றும் மன்னிக்கவில்லை. ஆனால் அந்த ஒன்றரை மணி நேரம் என்ற ஒன்று இருந்தது. செய்தி எங்களிடம் வருவதற்கும் மக்களிடம் போவதற்கும் நடுவே, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், ஓர் இடைவெளி இருந்தது. விசாரிப்பது என்ற வேலை நடந்ததெல்லாம் அந்த இடைவெளிக்குள்தான். இன்று அந்த வேலை இல்லாமல் போய்விடவில்லை, வரிசைதான் மாறிவிட்டது. முதலில் பரவல், பிறகு விசாரணை. விசாரித்து முடிப்பதற்குள் அடுத்த வீடியோ வந்துவிடுகிறது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையக் கட்டணம் சரிந்த பிறகு, வாசிக்கத் தெரியாதவரிடமும் வீடியோவாகவும் குரல்பதிவாகவும் செய்தி போய்ச் சேர்ந்தது. அது பெரிய விடுதலை என்பதை நான் மறுக்கவே மாட்டேன். உங்கள் அப்பாவைப் போன்றவர்கள் மலையாளச் செய்தியை எப்போதுமே இன்னொருவர் வாசித்துக் காட்டுவதைக் கேட்டே அறிந்தவர்கள். இப்போதும் பேரன்தான் வாசிக்கிறான். ஆனால் அவன் வாசித்துக் காட்டுவது எவரும் சரிபார்க்காத ஒன்றை.

உங்கள் ஊருக்கென்று இன்னொன்றும் நடந்திருக்கிறது. இன்று தமிழகத்தின் பெரிய நாளிதழ்களுள் ஒன்றான தினமலர் 1951இல் தொடங்கப்பட்டது திருவனந்தபுரத்தில் என்பது இளையவர்கள் பலருக்குத் தெரியாது. 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோது கன்னியாகுமரியும் செங்கோட்டையும் தமிழகத்தோடு சேர்ந்தன. தமிழர்கள் பெருமளவில் வாழ்ந்த தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. அதற்குப் பிறகும் காலைப் பேருந்தில் ஏறி மலைக்கு வந்த தமிழ்ப் பத்திரிகையும் கோட்டயத்துப் பக்கமிருந்து வந்த மலையாளப் பத்திரிகையும் ஒரே டீக்கடை பெஞ்சில் கிடந்தன. ஒன்றை வாசிப்பவர் மற்றதை வாசிக்காமல் இருக்கலாம், ஆனால் அதன் தலைப்புப் படத்தையாவது பார்த்தார், எதிரே அமர்ந்தவரிடம் "உங்கள் பேப்பரில் என்ன போட்டிருக்கிறான்?" என்று கேட்டார். அந்த பெஞ்ச் இப்போது இல்லை. எந்த மொழியில் பார்க்கிறோம், எதில் நிற்கிறோம், எதைக் கடைசிவரை பார்க்கிறோம் என்பதை வைத்துத்தான் யூடியூபும் ஃபேஸ்புக்கும் அடுத்ததை எடுத்துக் கொடுக்கின்றன. ஆகவே அப்பாவின் போனும் பேரனின் போனும் ஒரே கட்டிலில் கிடந்தாலும், ஒன்றில் தமிழகத்து அணையும் மற்றதில் கேரளத்து அணையும் ஓடுகின்றன.

இதில் யாரும் சதி செய்ய வேண்டியதே இல்லை. வீடியோ போடுகிறவருக்குப் பார்வைக் கணக்கில் விளம்பரப் பணம் வருகிறது. "அணை நீர்மட்டம் 131 அடி, நிலைமை வழக்கம்போல்" என்ற தலைப்பை யாரும் தொடுவதில்லை, மதகு பிளப்பது போன்ற படம் போட்டால் தொடுகிறார்கள். 2018இல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள், ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 செய்திச் சங்கிலிகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு இங்கே நினைவுகொள்ளத் தக்கது. பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு உண்மையைவிட 70 சதவீதம் அதிகமாக இருந்தது. அதற்கு முக்கியக் காரணம் தானியங்கிக் கணக்குகள் அல்ல, மனிதர்களே என்றும் அவர்கள் கண்டார்கள். புதிதாகவும் திகைப்பூட்டுவதாகவும் இருப்பதை உடனே தன்னவர்களிடம் சொல்ல நினைப்பது மனித இயல்பு. உங்கள் நாத்தனாரின் கணவரும் லயத்துக்காரரும் அந்த இயல்பின்படி நடந்தவர்கள்தான். அவர்களைப் பொய்யர்களாக நினைத்துக்கொண்டு பேசத் தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு குழுக்களில் வருவதும் பெரும்பாலும் முழுப் பொய் அல்ல, பாதி உண்மை என்பதுதான் உங்கள் சிக்கலின் முடிச்சு என்று நினைக்கிறேன். லயத்துக்கு வரும் மலையாள வீடியோ, 1895இல் கட்டி முடித்த அணை என்பதைச் சொல்கிறது. சுண்ணாம்போடு சுருக்கி என்ற செங்கல் தூளைக் கலந்து கட்டியது என்பதைச் சொல்கிறது. 1980களில் அதன் தலையில் கான்கிரீட் தொப்பி போட்டதையும், கம்பி வடங்களால் இழுத்துக் கட்டியதையும், பின்புறம் கான்கிரீட் சுவர் எழுப்பியதையும் விட்டுவிடுகிறது. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, தான் அமைத்த நிபுணர் குழுவின் அறிக்கையைப் பார்த்தபின் 2014 மே 7ஆம் தேதி, அணை பாதுகாப்பாக இருக்கிறது, 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று தீர்ப்பளித்ததையும் விட்டுவிடுகிறது.

கம்பத்துக் குழு விடுவது வேறு. அணையிலிருந்து மதகு வழியாகத் திறக்கப்படும் நீர் கம்பத்துக்கு வருவதில்லை. கம்பத்துக்கு வருவது சுரங்கம் வழியாக லோயர் கேம்பில் இறங்கும் நீர். மதகில் திறக்கும் நீர் வள்ளக்கடவு, வண்டிப்பெரியாறு, சப்பாத்து, உப்புதரை என்று ஆற்றோரம் இறங்கி இடுக்கி அணைக்குப் போகிறது. 2021 டிசம்பரில் இரவு நேரங்களில் போதிய முன்னறிவிப்பு இல்லாமல் மதகுகள் திறக்கப்பட்டு ஆற்றோர வீடுகளில் நீர் புகுந்தது என்று கேரள அரசு முறையிட்டது. அந்த முறையீடு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த ஆற்றோரத்தில் குடியிருப்பவர்களுள் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்பது எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, உங்களுக்கும் சொல்ல வேண்டியதில்லை. மழை இரவில் விழித்திருக்கும் உங்கள் அப்பா ஒரு தமிழர். "எல்லாம் மலையாளிகளின் நாடகம்" என்ற வீடியோவை அனுப்பியவருக்கு, தன் சம்பந்தி வீட்டார் ஆற்றின் எந்தப் பக்கத்தில் படுத்திருக்கிறார்கள் என்பது அந்தக் கணத்தில் நினைவில் இல்லை, நினைவுபடுத்தக்கூடியவர் நீங்கள்தான்.

2021 அக்டோபரில் அணையை மூடச் சொல்லி மலையாளத் திரைக்கலைஞர்கள் சிலரும் சேர்ந்து பரப்பிய ஹேஷ்டேக்கும், அதற்குப் பதிலாகத் தேனியில் எரிக்கப்பட்ட உருவப்படமும் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு பதிவும் ஒரு கொடும்பாவியும் மாறி மாறித் திரையில் ஓடிய அந்த நாட்களில், மதகு எப்போது திறக்கும், எவ்வளவு நீர் வரும், யார் எங்கே ஒதுங்க வேண்டும் என்ற மூன்றே மூன்று விஷயங்கள்தான் ஆற்றோரக் குடும்பத்துக்குத் தேவைப்பட்டன.

இப்படிப்பட்ட வதந்தியைக் கண்டும் காணாமல் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறொரு எல்லையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2018இல் தமிழக, ஆந்திர எல்லை மாவட்டங்களில், குழந்தை கடத்தும் வடநாட்டுக் கும்பல் இறங்கியிருக்கிறது என்ற செய்தி வாட்ஸ்அப்பில் ஓடியது. அந்த ஆண்டு நாடெங்கும் அந்தப் பயத்தைப் பரப்பியவற்றுள் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்ட படத்தின் கடைசிப் பகுதியை வெட்டிவிட்ட வீடியோ. அந்த மே மாதத்தில் பழவேற்காட்டில் மனநலம் குன்றிய ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டுப் பாலத்தில் தொங்கவிடப்பட்டார். திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த அறுபத்தைந்து வயது மூதாட்டி கொல்லப்பட்டார். அந்த ஊர்க் குழுக்களில் இது பொய் என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்திருப்பார்கள். நமக்கு எதற்கு என்று அவர்கள் பேசாமல் இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம். அதனால்தான் நீங்கள் பேசியதை இவ்வளவு மதிக்கிறேன். அவ்வாண்டு ஜூலையில்தான் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரலில் இருந்து, பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்ப முடியும். அதன் தலையில் இரட்டை அம்புக்குறி இருக்கும். அந்தக் குறியை அப்பாவுக்கும் பேரனுக்கும் காட்டிக்கொடுங்கள். அது இருந்தால் பொய் என்று பொருளல்ல. அனுப்பியவர் எழுதியது அல்ல, அவருக்கு நேரில் தெரிந்ததும் அல்ல என்று பொருள்.

அதே 2018 ஆகஸ்டில், கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, இருக்கும் இடத்தின் வரைபடக் குறியை வாட்ஸ்அப்பில் அனுப்பி மாடியில் சிக்கியவர்கள் பிழைத்தார்கள். இணையத்தில் தன்னார்வலர்கள் திரட்டிய கோரிக்கைகளைப் பார்த்துப் படகுகள் போயின. கையில் இருந்தது அதே போன்தான். இடமும் ஆளும் தேவையும் தெளிவாக எழுதப்பட்ட செய்தி உயிரைக் காத்தது.

இனி செய்ய வேண்டியது. சென்ற மழையில் நீங்கள் செய்தது உண்மையான காரியம், ஆனால் நேரம் பிந்தியது. வீடியோ வந்து, மக்கள் பயந்து, பயத்தோடு நான்கு பேருக்கு அனுப்பியும் முடித்த பிறகு, குழுவில் எல்லோர் முன்னும் "இது பொய்" என்றால், அனுப்பியவருக்கு அது அவமானமாகவே படும். குடும்பத்தில் மூத்தவர் என்றால் இன்னும் கூடுதலாக. நாத்தனாரின் கணவருக்கு அடுத்த முறை குழுவில் பதில் எழுதாதீர்கள், தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, அந்த வீடியோ எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களா? அப்பா அதைப் பார்த்துத் தூங்கவில்லை" என்று சொல்லுங்கள். தவறைச் சுட்டுவதைவிட அப்பாவின் தூக்கத்தைச் சொல்வது அவரை எட்டும்.

வதந்தியைத் துரத்துவதைவிட, அது வரும் முன்பே அந்த இடத்தில் உண்மையைப் போட்டு வைப்பது எளிது. ஜூன் முதல் டிசம்பர் வரை, இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையிலும் துலாவர்ஷம் என்கிற வடகிழக்குப் பருவமழையிலும், தினமும் காலையில் இரண்டு குழுக்களிலும் ஒரே செய்தியைப் போடுங்கள்: இன்றைய நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து இத்தனை கன அடி, தமிழகத்துக்குத் திறப்பது இத்தனை, மதகு திறக்கவில்லை அல்லது இத்தனை மணிக்குத் திறக்கும் என அறிவிப்பு. தேனிப் பதிப்புகளில் இந்த எண்கள் மழைக்காலத்தில் அநேகமாகத் தினமும் வருகின்றன. மதகு திறப்பு அறிவிப்பை இடுக்கி மாவட்ட ஆட்சியர் அலுவலகம் மலையாளத்தில் வெளியிடுகிறது. இரண்டையும் ஒப்பிட்டு, லயத்துக் குழுவுக்கு மலையாளத்திலும் தமிழிலும், கம்பத்துக்குத் தமிழிலும், முடிந்தால் உங்கள் குரலிலும் பதிவு செய்து அனுப்புங்கள். எண்ணோடு எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதையும் எத்தனை மணி நிலவரம் என்பதையும் தவறாமல் சொல்லுங்கள். கருத்து ஒரு சொல் கூட வேண்டாம். யார் சரி, யார் தவறு என்று ஒரு நாள் எழுதிவிட்டால் மறுநாள் எண்ணையும் நம்பமாட்டார்கள். ஒரு நாள் எண் தவறிவிட்டால், தவறிவிட்டது என்று அதே குழுவில் அதே அளவு தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

முதல் இரண்டு வாரம் யாரும் கவனிக்க மாட்டார்கள். மூன்றாவது வாரத்தில், ஒரு காலை நீங்கள் மறந்துவிட்டால், "இன்றைக்கு எத்தனை அடி?" என்று யாராவது கேட்பார்கள். செய்தி மேசையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நம்பிக்கை என்பது அந்தக் கேள்விதான். அன்றிலிருந்து மதகு பிளக்கும் வீடியோ வந்தாலும், அனுப்புவதற்கு முன் உங்களிடம் கேட்பார்கள். எல்லோரும் அல்ல, சிலர்.

புதிய வீடியோ ஒன்றின் மேல் சந்தேகம் வந்தால், அதில் ஒரு காட்சியை நிறுத்திப் படமாக எடுத்து கூகுள் லென்ஸில் தேடுங்கள். பழைய காட்சி என்றால் பெரும்பாலும் அங்கேயே அகப்பட்டுவிடும். செயற்கை நுண்ணறிவால் செய்த காட்சி அப்படி அகப்படாமல் போகலாம். அங்கே பார்க்க வேண்டியது படத்தை அல்ல. அந்த அளவு பெரிய செய்தியை வேறு எந்த நிருபராவது, எந்த அலுவலகமாவது சொல்லியிருக்கிறதா என்பதை.

பத்திரிகையை அப்பாவுக்கு மறுபடி வாங்கிக் கொடுங்கள். "நேற்றைய சேதி" என்று அவர் சொல்வது சரிதான். அந்த ஒரு இரவுத் தாமதத்துக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். ஆனால் ஒரே பத்திரிகையை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விளம்பர வருமானத்தின் பெரும்பங்கு இணைய நிறுவனங்களுக்குப் போய்விட்டதால், செய்திக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பகுதிநேர நிருபர்களே மலைப்பகுதிகளில் மிச்சம். சில நேரம் அவர்களும் வாட்ஸ்அப்பில் வந்ததையே எழுதி அனுப்புகிறார்கள் என்பதை வேதனையோடு ஒப்புக்கொள்கிறேன். அணை பற்றிய பெரிய செய்தி வரும் நாளில் மட்டுமாவது, உங்கள் மையத்துக்கு வரும் மலையாளப் பத்திரிகையையும் வீட்டுத் தமிழ்ப் பத்திரிகையையும் அருகருகே வைத்து, பேரனை மலையாளத்தையும் அப்பாவைத் தமிழையும் வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் ஒன்றாக இருக்கும் வரிகளை நம்பலாம். ஒன்றில் மட்டும் இருக்கும் வரிகளைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளட்டும்.

அண்ணனைப் பற்றி. மற்றவர் போட்ட பதிவுக்கு அட்மின் என்பதனாலேயே ஒருவர் குற்றவாளியாக மாட்டார் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் சொல்லியிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் 2021 டிசம்பரில், அட்மின் என்பதைத் தவிர வேறு பங்கு இல்லாதவரின் பெயரை வழக்கிலிருந்து நீக்க வேண்டும் என்ற கருத்தையே எடுத்தது. ஆனால் அவரே பொய்யை எழுதினாலோ முன்னனுப்பினாலோ நிலைமை வேறு. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 353ஆவது பிரிவு, மக்களிடையே பீதியையோ பகைமையையோ உண்டாக்கும் நோக்கத்தோடோ, உண்டாக்கக்கூடிய விதத்திலோ பொய்த் தகவலைப் பரப்புவதைத் தண்டிக்கிறது; மின்னணு வழியும் அதில் அடங்கும். மழை எச்சரிக்கை நாட்களில் அட்மின்கள் மட்டும் பதிவிடும்படி குழுவை மாற்றிவிட்டு, உங்களையும் ஓர் அட்மினாக அவர் சேர்த்துக்கொள்ளட்டும். ஏற்கெனவே வழக்கோ நோட்டீஸோ வந்திருந்தால் பீருமேட்டில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அதற்கு என் பதில் போதாது.

கடைசியாக அப்பா. அவருடைய பயத்தை மூடநம்பிக்கை என்று யாரும் சொல்ல விடாதீர்கள். ஆற்றுக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர், ஆறு ஏறுவதைக் கண்ணால் பார்த்தவர். அவருக்கு வேண்டியது, எப்போது பயப்பட வேண்டும் என்று சொல்லும் ஓர் அளவு. அது 136. நீர்மட்டம் அந்த அடியைத் தொடும்போது தமிழக நீர்வளத் துறையிடமிருந்து இடுக்கி மாவட்ட நிர்வாகத்துக்கு முதல் எச்சரிக்கை போகும். அதற்கு மேல் 142 வரை அடுத்தடுத்த எச்சரிக்கைகள் உண்டு. மாதத்துக்கேற்ப எவ்வளவு தேக்கலாம் என்ற அட்டவணை இருப்பதால் 142 ஆகும் முன்பே மதகு திறக்கப்படலாம் என்பதையும், அது அணை உடையும் அறிகுறி அல்ல, அணையைக் காக்கும் வேலை என்பதையும் அவருக்கு விளக்குங்கள். கட்டில் பக்கத்துச் சுவரில் காலண்டருக்கு அருகே ஒரு தாளை ஒட்டி, அன்றைய எண்ணை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். 136க்குக் கீழே இருக்கும் இரவுகளில் போனைப் பேரனிடம் கொடுத்துவிட்டுப் படுக்கட்டும். அதற்கு மேலே போனால், எந்த வீட்டுக்கு ஒதுங்குவது, ரேஷன் கார்டையும் மாத்திரையையும் யார் எடுப்பது என்று இப்போதே, மழை வருவதற்கு முன், எல்லோரும் உட்கார்ந்து பேசி வையுங்கள். அந்தப் பேச்சுக்குக் கம்பத்திலிருந்து நாத்தனாரின் கணவரையும் வரச் சொல்லுங்கள்.